ஏற்றத்துக்கு எத்தனை கிலோமீற்றர், சித்தப்பா?

எந்த இடத்திலும் தங்காத என் தங்கச் சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முந்தாநாள் பின்னேரம் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

முந்தாநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. தோட்டத்து மருந்தகம் பூட்டு. ஓடிய ஒன்றிரண்டு பஸ்களும் எங்களைப் பார்த்து ‘போய்யா’ என்று போய்விட்டன. அன்றைக்குப் பார்த்துத்தான் மேலே மடுல்கெல்லைத் தோட்டத்தில் சித்திக்கு மூச்சிழுப்பு வந்தது, வாயில் வைத்து இழுக்கும் பம்ப்பில் மருந்தும் தீர்ந்தது. உங்கள் மகள் சரா இப்போது கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் கண்டிக்கு வேலைக்குப் போகிறாள். டவுனில் திறந்திருந்த ஒரு மருந்துக் கடையில் புதுப் பம்ப் வாங்கினாள். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன பைக்கின் உறையை உருவினாள். நான் பின்னால் ஏறினேன்.

இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடி, அந்த டூரிங் யானையை அவள் நன்றாகவே ஓட்டுகிறாள், சித்தப்பா. பாலம் தாண்டியதும் பெட்ரோல் மானியில் கடைசிக் கோடு சிமிட்டத் தொடங்கியது. வத்தேகமையில் பெட்ரோல் ஷெட் திறந்திருந்தது. வரிசையின் வாலோ மடவளையில் இருந்தது.

“அடிச்சிட்டுப் போவோமாக்கா?”

“நிக்க நேரமில்லடி. கோடு சிமிட்டினா இன்னும் ஒரு லீட்டர் இருக்கும்னு அப்பா சொல்லியிருக்காரு. லீட்டருக்கு நாப்பது. வீட்டுக்கு முப்பதுகூட இல்ல.”

நாற்பது! யார் மைலேஜ் கேட்டாலும் நீங்கள் சொல்லும் நாற்பது. சரா ‘சரி’ என்று தலையாட்டினால் அதுதான் நம் வீட்டுச் சராசரி.

பன்விலை ஷெட் பூட்டியிருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம். யானை இருமியது. பிறகு நின்றே விட்டது. சுற்றிலும் தேயிலை, மூடுபனி. வேறு வண்டியின் சத்தமே இல்லை. போன் அடித்தது. சித்தியோடு இருந்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா.

“எங்கடி இருக்கீங்க? உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்குது. பேச்சே வரல.”

“வந்துட்டோம்க்கா,” என்றாள் சரா. போனை வைத்ததும் அழுதாள். “அப்பா பொய் சொல்லிட்டாருடி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் மைலேஜ் பார்ப்பது திங்கட்கிழமை காலையில். பன்விலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு கண்டிக்கு இறங்குவீர்கள், அங்கே மறுபடி நிரப்பிப் பார்ப்பீர்கள். சனிக்கிழமை மேலே ஏறும்போது பார்த்ததே இல்லை. ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். “வீட்டுக்குப் போறப்ப கணக்கு பாக்குறவன் மனுசனாடி?” என்றீர்கள்.

“பொய் இல்லக்கா, அது இறக்கத்துக் கணக்கு,” என்றேன். இறக்கத்தில் காட்டிய இரக்கத்தை அந்தப் பைக் ஏற்றத்தில் காட்டவில்லை, சித்தப்பா. ஏற்றத்தில் ஏமாற்றம்தான். வேறு நேரமென்றால் இதைச் சொல்லியே அவளைச் சிரிக்க வைத்திருப்பேன்.

“அக்கா, இத இடது பக்கமாச் சாய்.”

“பைத்தியமா ஒனக்கு? சாஞ்சா தூக்க முடியாது!”

டேங்க் நடுச்சட்டத்தின் மேல் கால் பரப்பி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்குப் போகிற குழாய் இடது பக்கம். வலது பக்கத்தில் தேங்கிய பெட்ரோல் தானாக இந்தப் பக்கம் வராது. நாங்கள் சாய்த்தோம். ஹேண்டில் புல்லைத் தொட்டது. சேற்றில் கையூன்றித் தாங்கிக்கொண்டோம். உள்ளே ‘களக்’ என்று ஒரு சத்தம். தூக்கும்போது சரா உங்களையும் திட்டினாள், என்னையும் திட்டினாள். அந்தக் கோபத்தில்தான் அது நிமிர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஸ்டார்ட் ஆனது. ஒவ்வொரு வளைவிலும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். லயத்து வீட்டு வாசலில் பைக் தானாகவே அணைந்தது. நான் பம்ப்போடு ஓடினேன்.

இரண்டு தடவை இழுத்தார் சித்தி. அவர் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் தோள் அடங்கியது. சரா நடந்ததைச் சொன்னாள். சித்தி எங்கள் சேற்றுக் கையைப் பார்த்தார்.

“நாப்பதா? மேல வரப்ப அது இருவதுதான் குடுக்கும். ஒங்கப்பா எத்தன சனிக்கெழம பன்விலையிலருந்து தள்ளிக்கிட்டு வந்தாரு தெரியுமா? வெளிய சொன்னா பைக்குக்குக் கேவலமாம்.”

சரா சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நனைந்த சட்டையோடு வந்து நின்று, ‘மழைடி’ என்பீர்களே, அதெல்லாம் வேர்வையா, சித்தப்பா?

இனி நாங்கள் ஏற்றத்துக்கும் கணக்குப் பார்ப்போம். குறைந்த எண் எதுவோ அதையே நம்புவோம். வத்தேகமையில் எவ்வளவு நீளமான வரிசை நின்றாலும் நிற்போம். சித்தியிடம் போய்ச் சேரும் பாதையில் உங்கள் பைக்கை இனி யாரும் தள்ள மாட்டார்கள். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் பெற்ற வால்,
கவி