எட்டு அங்குலப் பாலம்

மூன்று மாத மூப்பைக் காட்டியே என்னிடம் மரியாதை கேட்டு, கடைசி வரை அது கிடைக்காமலே போன என் மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் தங்கை வசந்தி நலம். நானும் நலம்தான். கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது, இருந்தாலும் நம் கடைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காகிதம் வெட்டும் மேசைமேல் நாம் நடத்திய போர் மட்டும் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போர் என்றதும் இதைப் படிக்கிற மற்றவர்கள் பயந்துவிடப் போகிறார்கள். விரல் உயரக் காகித வீரர்கள், அவ்வளவுதான். பகடை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகர்த்துவோம். அவர்கள் ஏறுவதற்கு மலை வேண்டும், ஒளிந்துகொள்ள வீடு வேண்டும். அதையெல்லாம் நீ பென்சிலில் வரைவாய். நான் ஸ்கேன் செய்து கெட்டி அட்டையில் அச்சடிப்பேன். வெட்டி, மடித்து, ஒட்டினால் மேசைமேல் ஒரு நிலம் எழுந்து நிற்கும். இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நீ இணையத்தில் போட்ட தாள்களை எந்தெந்த நாட்டுக்காரர்களோ அச்சடித்தார்கள். நம் விருத்தாசலத்துச் சூளைப் புகைபோக்கியைக் கோட்டைக் கோபுரம் என்று ஒருவன் பாராட்டி எழுதியிருந்தான். நீ நன்றி சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டாய்.

போன மாதம் உன் மனைவி கோமதி கடைக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பதினோரு தாள்.

"அண்ணே, அவரு கடைசியா வரைஞ்சது இதுதான். மூணு மாசம் ரூமைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னாங்கன்னு கேட்டா, முடியட்டும் காட்டுறேன்னாரு. இதைக் கட்டிக் குடுங்க. நான் பாக்கணும்."

விரித்துப் பார்த்தேன். வெள்ளாறு. அதன்மேல் சேத்தியாத்தோப்புப் பாலம். ஏற்கெனவே நாம் செய்து வைத்த மலைக்கும் வயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தாயே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஏன் சொல்லவில்லை? நான் முதலிலேயே கேலி செய்துவிடுவேன் என்றா? செய்திருப்பேன்தான்.

நீ செய்கிற மாதிரியே செய்தேன். மை தீர்ந்த ரீபிலால் மடிப்புக் கோடுகளை அழுத்தினேன். வெட்டிய ஓரத்தின் வெள்ளை தெரியாமல் இருக்க ஸ்கெட்ச் பேனா தீட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதியும் வசந்தியும் எதிரில் நிற்க, பாலத்தைத் தூக்கிக் கரைகளுக்கு நடுவே வைத்தேன். உட்காரவில்லை மச்சான். ஒரு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. ஆற்றை வைத்தால் மலைமேல் ஏறியது.

உடனே என் காதில் கேட்டது உன் குரல்தான். "பக்கத்துக்கு ஏத்த மாதிரி போட்டுட்டியா மாப்ள? நூத்துக்கு நூறு போடுறான்னு எத்தினி வாட்டி சொல்றது?" கணினியில் அச்சு அளவைப் போய்ப் பார்த்தேன். நூறுதான் இருந்தது. அதுவுமில்லாமல் அந்தத் தப்பு நடந்தால் படம் சிறுக்கும். இது பெருத்திருந்தது.

அதற்குள் கோமதி, கடையில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, உன் பென்சில் படத்தையே அளக்க ஆரம்பித்துவிட்டாள். பாலத்தின் ஓரத்தில் உன் கையெழுத்தில் எட்டு என்று இருந்தது. ஸ்கேலில் ஒன்பது வந்தது. கரையில் நான்கு என்று எழுதியிருந்தாய். நாலரை இருந்தது.

அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள். "அப்பவே அவருக்கு உள்ள ஆரம்பிச்சிடுச்சாண்ணே?" என்றாள்.

உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "முன்னாடியே ஒண்ணும் தெரியலியாம்மா?" பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. நீ ஒரு நாள் குடையை மறந்தது, அவளை வசந்தி என்று கூப்பிட்டது, டீயில் சர்க்கரை இல்லை என்று தெரியாமலே குடித்தது என எட்டு மாதமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது உன் கையாலேயே எழுதிய சாட்சி கிடைத்துவிட்டது.

"ஸ்கேனரு மக்கர் பண்ணுதும்மா, அதான்" என்று உளறினேன்.

"நான் அளந்தது அவரு போட்ட பென்சில் கோட்டைண்ணே" என்றாள். பாலத்தைப் பார்க்காமலே வெளியே போனாள்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்து குடைய ஆரம்பித்தது. தடுமாறுகிற கை இவ்வளவு நேராகக் கோடு போடுமா? தடுமாறினால் ஒரு கோடு நீண்டு, ஒரு கோடு குறைய வேண்டாமா? அன்று மாலையே பதினோரு தாளையும் வீட்டில் பரப்பினேன். வசந்தி அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு என்று எழுதிய இடத்தில் இரண்டேகால். ஆறு என்று எழுதிய இடத்தில் ஆறேமுக்கால். ஒரு கோடுகூட எழுதியதைவிடக் குறையவில்லை. எல்லாமே ஒரே விகிதத்தில் கூடியிருந்தன.

"எங்க அண்ணன் தப்பு பண்ணாக்கூட ஒழுங்கா பண்ணியிருக்குது பாருங்க" என்றாள் உன் தங்கை. ஆனால் என்ன தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

மறுநாள் அந்தப் பட்டியலையும் பதினோரு தாளையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கோமதி அப்போதுதான் பீங்கான் பொம்மை யூனிட்டிலிருந்து வந்திருந்தாள். பொம்மைகளில் அச்சு விட்ட ஒட்டுத் தழும்பை ஈரப் பஞ்சால் தேய்த்துவிட்டு வந்த கை, நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் களிமண். கையைக்கூடக் கழுவாமல் பட்டியலை வாங்கிப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எட்டுக்கு ஒம்பது" என்றாள். மறுபடியும் சொன்னாள். "எட்டுக்கு ஒம்பது. அண்ணே, இது சுடாத அளவுங்க!"

எனக்கு விளங்கவில்லை. ஜெராக்ஸ்காரனுக்கு என்ன தெரியும்? அவள்தான் சொன்னாள். "சூளைக்குப் போனா களிமண்ணு சுருங்கும்ணே. எட்டு இஞ்சு பொம்மை வேணும்னா எங்க யூனிட்டுல ஒம்பதுக்கு மாடல் எடுப்பாங்க. அதுக்குன்னு அவரு தனியா ஒரு ஸ்கேலு வெச்சிருந்தாரு."

முட்டி வலி என்று நீ யூனிட்டில் மாடல் எடுக்கும் வேலையை விட்டு நின்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்த கருவிப் பை, நீ போனபின் பரணில் ஏற்றியது, எட்டு மாதமாக அங்கேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. அவள் அதை இறக்கி, உள்ளே கையை விட்டு, ஒரு எஃகு ஸ்கேலை எடுத்தாள். ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் கூடுதலாக நீயே கீறி வைத்துக்கொண்டது. அதைப் பாலத்தின் பென்சில் படத்தின்மேல் வைத்தாள். எட்டு என்று எழுதியிருந்த கோடு, ஸ்கேலில் எட்டாம் கோட்டில் போய் முடிந்தது. நான்கு, நான்கில். ஆறு, ஆறில். பட்டியலில் இருந்த நாற்பது கோடுகளையும் அளந்தாள். போதும் என்று நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. மயிரிழை பிசகவில்லை மச்சான்.

"பேப்பரு சுருங்காதுன்னு தெரியாதா இந்த மனுசனுக்கு?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி அவள் அழுது, சாவு வீட்டில்கூட நான் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். பழக்க தோஷத்தில் அந்த ஸ்கேலை எடுத்துவிட்டாயா? இல்லை, இந்தப் பாலத்தைக் களிமண்ணில் வார்த்துச் சூளையில் சுட்டு, எங்கள் முன்னால் வைக்கலாம் என்று கணக்குப் போட்டாயா? இரண்டும் நீ செய்யக்கூடியதுதான். கோமதி இரண்டாவதுதான் என்கிறாள். வசந்தி, முதலாவதுதான் என்று அடித்துச் சொல்கிறாள். நான் நாளுக்கு ஒரு பக்கம் சாய்கிறேன்.

எண்பத்தொன்பது சதவீதத்தில் மறுபடி அச்சடித்தேன். நூற்றுக்கு நூறு போடச் சொன்னவன் படத்தை முதன்முறையாகக் குறைத்து அடித்தேன், மன்னித்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தை வைத்தோம். இரண்டு கரையிலும் அலுங்காமல் உட்கார்ந்தது. கோமதி குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பாலத்துக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அப்போது ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உன் சித்தப்பா வந்திருந்தார். துக்கத்துக்கு வர முடியாமல் போனதாம், இப்போதுதான் வருகிறார். கோமதியின் தலையில் கை வைத்து அவரும் அதையே கேட்டார். "முன்னாடியே ஒண்ணும் தெரியலியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "தெரியறதுக்கு ஒண்ணும் இல்லீங்க மாமா. அவரு நல்லாத்தான் இருந்தாரு."

மச்சான், உன் பென்சில் கோடு ஒன்றைக்கூட நான் திருத்த மாட்டேன். இணையத்தில் போடும்போது, எண்பத்தொன்பது சதவீதத்தில் அச்சடிக்கவும் என்று முதல் தாளில் எழுதுவேன். ஏன் இந்தக் கணக்கு என்று எந்த நாட்டிலிருந்து யார் கேட்டாலும், வரைந்தவன் நிதானமாக இருந்தான், கை நடுங்கவில்லை, ஸ்கேல்தான் வேறு என்று பதில் போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்,
என்றைக்கும் உனக்கு வெறும் "மாப்ள".