மூலை கிழிந்த பாட்டு நோட்டு

உன் மனைவி அனுப்பிய பொட்டலத்தை இன்று காலை பிரித்தேன். உள்ளே உன் பாட்டு நோட்டு. டீசல் வாசனை இன்னும் போகவில்லை. புரட்டினால், ஒவ்வொரு பக்கத்திலும் வலது கீழ் மூலை இல்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகியும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நீ பரமத்தி வேலூரிலிருந்து பம்பாய் வரை லாரி ஓட்டினாய். ஒருமுறை கோவாவில் யாரோ கொடுத்ததாக ஒரு கேசட்டோடு வந்தாய். ஜமைக்காப் பாட்டு, பேர் ரெகே என்றாய். எனக்குப் பிடிபடவில்லை. தாளத்தின் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் தள்ளி விழுந்தது.

"லாரி மேடேறறப்ப கியர் மாத்துவமுங்க. ஒரு நொடி வண்டி மூச்சப் புடிச்சுட்டு நிக்கும் பாருங்க வாத்தியாரே, பாட்டு அங்கதானுங்க இருக்குது" என்றாய். முப்பது வருடம் பாடம் நடத்தினேன். இவ்வளவு நல்ல உதாரணம் ஒன்றை நான் சொன்னதில்லை.

"அடிமையா இருந்தவங்களோட பேரப்பசங்க பாடறதாமுங்க. நம்மூட்டுக் கதையாட்டவே இருக்குது" என்று சொல்லி, பழைய கிதார் ஒன்றை வாங்கி அந்தத் தாளத்தில் தமிழில் பாட ஆரம்பித்தாய். பாட்டை நோட்டில் எழுதி என்னிடம் கொடுப்பாய். நான் சிவப்பு மையில் திருத்துவேன். வார்த்தை தடுக்கினால் வேறு வார்த்தை போட்டுத் தருவேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் கை நிற்குமா? வீட்டுப்பாடம் போலவே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன்.

மாரியம்மன் பண்டிகையன்று பொழுது சாயும் நேரத்தில், லாரியின் பின்கதவை இறக்கி அதையே மேடையாக்கினாய். டீக்கடையில் உன் ஆட்களுக்கென்று தனியாகத் தொங்கிய அலுமினிய டம்ளரைப் பாட்டாக்கியிருந்தாய்.

"ஒரே அடுப்பு, ஒரே பாலு, டம்ளரு மட்டும் ரெண்டு ஏனுங்க?"

எவ்வளவு மரியாதையான கேள்வி! கூட்டத்தின் பின்வரிசை முழுக்கச் சேர்ந்து "ஏனுங்க?" என்றது. முன்வரிசை நாற்காலியிலிருந்து பெரிய தோட்டத்துக்காரர் எழுந்து போனார். எங்கள் பள்ளிக்குத் தாளாளரும் அவர்தான்.

மறுநாள் மூன்றாவது பீரியடில் தாளாளர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "வாத்தியாரைக் கூட்டியாரச் சொன்னாருங்க."

அவர் வீட்டு வாசலில் நீ நின்றிருந்தாய். சட்டை கிழிந்திருந்தது, வாயெல்லாம் சிவப்பு. அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நோட்டு அவர் கையில் இருந்தது. எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் கையெழுத்தை எந்தப் பக்கத்தில் பார்ப்பார் என்று காத்திருந்தேன். வேலை போகும், அப்புறம் உனக்கு நடந்தது எனக்கும் நடக்கும். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டார், ஒரு பக்கத்திலும் மூலையே இல்லை.

"ஏனுங்க வாத்தியாரே, இந்தச் செவப்பு மை பள்ளிக்கூடத்து மையாட்ட இருக்குதே?"

நீ முந்திக்கொண்டாய். "லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க்கு திருத்துனதுங்க. வாத்தியாரு எம்பாட்டக் கேட்டா காதப் பொத்திக்குவாருங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்களுதுங்களா, இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டை உன் முகத்தில் எறிந்து, இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். அன்றே போய்விட்டாய். டம்ளர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நானும் அதே கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்தேன்.

சில வருடம் கழித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். முடி வளர்த்திருந்தாய். பெங்களூர் ஓட்டல்களில் பாடுவதாகவும், கேசட் ஒன்று வரப்போவதாகவும் சொன்னாய். அந்த மூலைகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"ஆளுக வாரது தெரிஞ்சதுமே கிழிச்சு வெத்தலையோட சேத்து மென்னுட்டனுங்க. வெத்தல போட்ட வாய் செவந்தா ஆரு கேப்பாங்க?" என்று சிரித்தாய். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாய்: "கேசட்டு அட்டைல உங்க பேரு போடட்டுங்களா வாத்தியாரே?"

சுற்றிலும் பார்த்தேன். நம் ஊர் பஸ் நின்றிருந்தது. "வேண்டாம்பா" என்றேன்.

அந்தக் கேசட் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பாடியது. ஒவ்வொரு முறையும் நின்று கேட்டேன். என் வார்த்தை வரும் இடத்தில் நடையைக் கட்டினேன். பிறகு உன் குரல் போயிற்று என்றார்கள். நோயில் கிடந்தபோதும் நான் வரவில்லை, நீ செத்தபோதும் வரவில்லை.

நமக்கு ஒரே வயது. நீ என்னை 'நீங்க' என்றாய், நான் உன்னை 'நீ' என்றேன். அதுவும் இரண்டு டம்ளர்தான். இந்தக் கடிதத்திலும் மாற்ற வரவில்லை, பார்.

சற்று முன் எழுந்து தெருக்கதவைத் திறந்து வைத்தேன். தாளாளர் இல்லை, வேலை இல்லை, கேட்க யாருமே இல்லை. மூலை இல்லாததால் டம்ளர் பாட்டுக்கு நேர் கீழே, நட்ட நடுவில், சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. மாணவன் யாராவது இப்படிப் போட்டிருந்தால் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.