அந்தச் சண்டை எதுக்காக, மாமா?

எங்கள் சோபாவின் இடது மூலைக்கு ஏகபோக உரிமைக்காரரான என் அன்பு மாமாவுக்கு,

அந்த மூலையில் இப்போதும் ஒருவரும் இருப்பதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துப் பெருமைப்பட்டுவிடாதீர்கள். நீங்கள் இருந்து இருந்து அது குழி விழுந்துவிட்டது. தெரியாமல் யாரும் இருந்துவிட்டால் எழுப்ப இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். புதுசு வாங்குவோம் என்றால் உங்கள் மகள் சுபா விடுகிறாள் இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இரண்டாவது பனியும் வரப்போகிறது. மொன்ட்ரியாலில் எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதி அப்படியேதான் இருக்கிறது. கீழே டெப்பனர் என்கிற அந்தச் சில்லறைக் கடைக்காரர் உங்களை இன்னும் "ஜெனரால்" என்றுதான் சொல்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரை அவருக்கும் வகுப்பெடுத்திருக்கிறீர்கள் என்பது நீங்கள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

ஊர்ச் செய்தியும் சொல்லவேண்டும். வைகாசியில் அங்கே சண்டை முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மாமா. அந்த நாட்களில் டிவிக்கு முன்னால் நீங்கள் இல்லாமல் போனதே நல்லது என்று சுபா அழுதுகொண்டே சொன்னாள்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் அபிதான். உங்கள் பேத்தி வகுப்பில் ஒரு போரைப் பற்றிப் பேசவேண்டுமாம், பிரெஞ்சில். அவள் வேறு எதைத் தெரிவு செய்வாள்? அம்மப்பாவின் போரைத்தான் எடுத்தாள். போன கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்தபடி கேட்டாள்: "அப்பா, அந்தச் சண்டையில நாங்கள் இருந்திருந்தா எந்தப் பக்கம்?"

சுபா கறிச்சட்டியைப் பார்த்தாள். நான் சுபாவைப் பார்த்தேன். "வடக்குத்தான், வேறென்ன" என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அவளில் சுபா வழிப் பாதி, ஆட்களை அடிமையாக வைத்திருந்த பெரிய வளவு. என் வழிப் பாதி, அந்த மாதிரி வளவில் வைக்கப்பட்டிருந்த ஆட்கள். அவளுக்கு இது எதுவுமே தெரியாது. லொங்குய்யில் இருக்கும் உங்கள் தங்கச்சி, பெரிய மாமி, "பிள்ளைக்கு ஏன் அந்தக் குப்பையெல்லாம்?" என்று எப்போதும் எங்கள் வாயைப் பொத்துவார். சொல்லாமல் விட்டால் அது இல்லாமல் போய்விடுமா, மாமா?

"பிறகு சொல்லுறன்" என்று எழும்பிவிட்டேன். இரவு முழுக்க உங்கள் நினைவுதான்.

நாங்கள் கலியாணம் செய்தபோது நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. அதற்கு அப்போதே நன்றி சொல்லியிருக்கவேண்டும். மற்றவர்கள் வராமல் விட்டார்கள், நீங்கள் வந்து நின்றீர்கள், தந்திக் கம்பம் மாதிரி என்றாலும் நின்றீர்கள். என்னை "தம்பி", "நீர்" என்று மரியாதையாகத்தான் கதைத்தீர்கள். ஆனால் மொன்ட்ரியால்-நோரில் என் அம்மாவின் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அம்மா தேத்தண்ணித் தட்டோடு வர முந்தியே கையைக் காட்டிவிடுவீர்கள். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்."

ஒவ்வொரு முறையும் அதே வசனம். நீங்கள் போன பிறகு அம்மா தட்டைத் திருப்பிக் கொண்டுபோவார். "மனுசன் எங்கதான் உப்பிடி ஓயாமக் குடிச்சுப்போட்டு வருதோ" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு அந்தக் கிளாஸைக் கழுவாமல் கன நேரம் நிற்பார்.

உங்கள் போர்க் கதையும் அப்படித்தான், ஒரு இடத்தில் நழுவிவிடும். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறின கை சும்மா இருக்காது. சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஆறு, குன்று, பாலம் எல்லாம் கீறி, பருப்பைப் படையாகவும் உருளைக்கிழங்கைப் பீரங்கியாகவும் அடுக்குவீர்கள். எந்தத் தளபதி எங்கே பிழை விட்டார் என்றெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏன் சண்டை தொடங்கியது என்று கேட்டால் மட்டும் வரி, பஞ்சு விலை, மாநில உரிமை.

"என்ன செய்யிறதுக்கு உரிமை, மாமா?" என்று நான் விடமாட்டேன்.

"தங்கட அலுவலைத் தாங்களே பாக்கிற உரிமை, தம்பி."

"என்ன அலுவல்?"

அந்த இடத்தில் உங்களுக்குத் தாகம் வந்துவிடும். "பிள்ளை சுபா, ஒரு தேத்தண்ணி." ஆனாலும் அதே கேள்வியோடு நான் அடுத்த கிழமையும் வருவேன், நீங்களும் மூலையில் காத்திருப்பீர்கள்.

பிறகு நீங்களும் நானும் ஒரே நாளில் கனடாக் குடியுரிமை எடுத்தோம். வீட்டில் விருந்து. உங்கள் பக்கம் கொஞ்சப் பேர், என் பக்கம் கொஞ்சப் பேர், சுவருக்குச் சுவர் தள்ளித் தள்ளி இருந்தார்கள். நல்ல தமிழில் இரண்டு வசனம் பேசாவிட்டால் உங்களுக்கு விருந்து செமிக்காது. எழும்பி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "இண்டையில இருந்து எங்கட மருமகன் குடிமகன்!" என்றீர்கள்.

பத்திரிகைத் தமிழில் அது சரியான சொல்தான். எங்கள் ஊர்க் காதுக்கு அது வேறு. பெரிய வளவுக்கு வேலை செய்யக் கடமைப்பட்டுப் பிறந்தவர்கள்தான் அங்கே குடிமக்கள். செத்தவீடு என்றால் ஓடவேண்டும், கலியாணவீடு என்றால் பின்பக்கம் நின்று சோறு வாங்கவேண்டும். அவர்களுக்கும் கீழே, அடிமை என்றே எழுதி வைக்கப்பட்டிருந்தவர்கள். என் பூட்டனின் ஆட்கள் அவர்கள்.

அம்மா வடைத் தட்டோடு நடு ஹோலில் அப்படியே நின்றுவிட்டார். அப்போது பெரிய மாமியின் மகன் கெட்டிக்காரத்தனமாக, "குடிமகன் எண்டா முதல்ல போத்தலை உடையுங்கோவன்!" என்று பகிடியாக்கினான். எல்லோருக்கும் உயிர் வந்து சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். தப்பிக்க நல்ல வாசல் அது.

நீங்கள் மட்டும் அந்த வாசலால் போகவில்லை.

"பகிடியை விடுங்கோ," என்றீர்கள். முகம் சிவந்திருந்தது. "சொல் வாயில வந்த பிறகுதான் எனக்கே கேட்டுது. எங்கட வளவில ஆக்களை வைச்சிருந்தனாங்கள். எங்கட கொப்பாட்டன் இவர்ட பூட்டனை மாடு மாதிரி எண்ணினவர். இண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டாக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தனாங்கள். அவரும் குடிமகன், நானும் குடிமகன். பிடிக்காத ஆக்கள் வடையை வைச்சிட்டுப் போகலாம்."

பிறகு என் அம்மாவைப் பார்த்தீர்கள். "சம்பந்தி, எனக்கு ஒரு தேத்தண்ணி தருவியளோ?"

ஒருவரும் வடையை வைத்துவிட்டுப் போகவில்லை. அது வடையின் ருசியால் என்றுதான் அம்மா இன்றுவரை சாதிக்கிறார். நீங்கள் அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, "இன்னொண்டு" என்று கிளாஸை நீட்டினீர்கள்.

அடுத்த சனிக்கிழமை என்னை மெட்ரோவில் நடுநகரத்துக்குக் கூட்டிப்போனீர்கள். ஒரு பெரிய கடையின் பக்கச் சுவரில் பிரெஞ்சுப் பலகை. அந்தப் போரில் தோற்ற தெற்கின் தலைவர், சிறையால் வந்த பிறகு, அந்த இடத்தில் இருந்த வீட்டில் கொஞ்சக் காலம் வாழ்ந்தாராம். எங்கள் மொன்ட்ரியாலில்! சனம் பைகளோடு எங்களை இடித்துக்கொண்டு போனது.

"சண்டைக்கு முந்தி தெற்கு மாநிலங்கள் தாங்களே ஒளிக்காமல் எழுதினவை, அடிமைகளை விடேலாது எண்டு," என்றீர்கள். "தோத்த பிறகுதான் காரணத்தை மாத்தினவை. இந்த மனுசனும் பேந்து தடிச்ச புத்தகம் எழுதினவர், அடிமைக்காக இல்லை எண்டு. நானும் உமக்கு இவ்வளவு காலமும் அதைத்தான் சொன்னனான். சண்டை அதுக்காகத்தான், தம்பி."

திரும்பி வரும் வழியில் போருக்குப் பிறகு நடந்ததைச் சொன்னீர்கள். விடுதலை கொடுத்தார்கள், காணி கொடுக்கவில்லை. அதே தோட்டத்தில் அதே முதலாளிக்குக் குத்தகைக்கு நின்றார்கள். வாக்கைக் கொடுத்தார்கள், பிறகு அதையும் சட்டம் போட்டுப் பறித்தார்கள். "அவையளுக்கு முந்தியே எங்கட ஊருக்கு அடிமையளை விடச் சொல்லிச் சட்டம் வந்திட்டுது. சட்டம் வந்தது, கிணறு வரேல்லை," என்றீர்கள். எங்கள் கை பட்டால் கிணறு தீட்டு என்ற காலத்தைச் சொன்னீர்கள்.

நன்றி, மாமா. அன்றைக்குச் சொல்லவில்லை, மெட்ரோவில் அழுதுவிடுவேன் என்று பயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அபியை அந்தச் சுவருக்குக் கூட்டிப்போனேன். சுபாவும் வந்தாள். பலகையை அபியே வாசித்தாள், என் பிரெஞ்சை நம்பாமல். பிறகு நான் எல்லாம் சொன்னேன், வளவு, பூட்டன், கிணறு, குடிமகன். நான் தடுமாறின இடங்களில் சுபா சொன்னாள். உங்கள் "இப்பத்தான் குடிச்சனான்" உட்பட.

அபி பலகையை இன்னொருமுறை வாசித்தாள். அம்மப்பாவை வெறுத்துவிடுவாளோ என்று யோசித்தேன்.

"பேந்து குடிச்சவர்தானே?" என்று கேட்டாள்.

"ஓம். தானே கேட்டு வாங்கிக் குடிச்சவர்."

பின்னேரம் நேரே என் அம்மாவின் வீட்டுக்குப் போய் அவரையும் விசாரித்தாள். அப்போதுதான் அம்மா இத்தனை வருஷமாக எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். விருந்தன்றைக்குப் பதற்றத்தில் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டாராம். நீங்கள் குடித்து முடித்த பிறகுதான் நினைவு வந்ததாம். சீனியைக் கொஞ்சம் குறைத்தாலே சுபாவோடு மல்லுக்கு நிற்கிற நீங்கள், ஒரு சொல் சொல்லாமல், அதே வெறுந் தேத்தண்ணியில் "இன்னொண்டு" கேட்டிருக்கிறீர்கள்.

அபி அதை வகுப்பில் சொல்லப்போகிறாளாம். "நாங்கள் ரெண்டு பக்கமும்" என்றுதான் தொடங்கப்போகிறாளாம். பெரிய மாமி கோபிப்பார், கோபிக்கட்டும். ஊர்ச் சண்டையைப் பற்றியும் இவள் ஒருநாள் ஏன் என்று கேட்பாள். அன்றைக்கும் தாகம் வந்தது போல் எழும்பிப் போகமாட்டேன். எது கேட்டாலும் காரணத்தை மாற்றிச் சொல்லமாட்டேன், மாமா. இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் திவசத்துக்குத் தேத்தண்ணி அம்மாதான் போடுவார். இந்த முறை சீனி போட்டிருக்கும்.

உங்களோடு ஒரே நாளில் குடிமகனான,
உங்கள் மருமகன்
ரவி