திறப்பு குணவதியிடமே இருக்கட்டும்

ஒக்லாந்து,
ஐப்பசி 1985

அன்பின் மனைவி அன்னப்பிள்ளைக்கு,

நல்லூரான் துணை. உன் முழங்கால் நோவு எப்படி? நான் சுகம். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

பென்ரோஸில் நான் வேலைசெய்கிற ஸ்டோரில் என்னோடு கூட்டித் துடைக்கிற ஹெர்மன், டென்மார்க்கில் பிறந்த யூதர். யுத்தகாலத்தில் ஜெர்மன்காரர் பிடிக்க வந்தபோது, மீன்பிடிகாரர் அவர் குடும்பத்தை வள்ளத்தில் ஒளித்துச் சுவீடனுக்குக் கொண்டுபோனார்களாம். யுத்தம் முடிந்து திரும்பினால், பக்கத்து வீட்டு மனுசி அவர்கள் வீட்டைக் கூட்டி, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாளாம்.

"அவவும் யூதரோ?" என்று கேட்டேன்.

"இல்லை, பக்கத்து வீடு" என்றார், வேறென்ன காரணம் வேண்டும் என்பதுபோல. காணாத அந்த மனுசியைக் கும்பிடத் தோன்றியது.

எனக்குக் குணவதிதான் கண்ணுக்குள் நின்றாள். எண்பத்திமூன்று கலவரத்தன்று நம்மைத் தன் வீட்டுக் குசினிக்குள் அடுப்போரம் வைத்துப் பூட்டிவிட்டு, "இங்கே தமிழர் இல்லை" என்று வாசலை மறித்து நின்ற பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி. இனி ஒருவரையும் நம்பேலாது, வெள்ளவத்தை வீட்டைப் பூட்டி அவளிடம் கொடுத்த திறப்பைத் திருப்பி வாங்குவோம் என்று எழுதியிருந்தாய். வேண்டாமப்பா.

எனக்கு உன் கையால் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. இங்கத்தைய கறி வாயில் வைக்க முடியவில்லை. வெள்ளவத்தைக்குப் போகிற ஆரிடமாவது குணவதிக்கும் ஒரு பை கொடுத்துவிடு. நாங்கள் திரும்பி வருவோம் என்று அவளுக்குத் தெரியட்டும்.

மருமகள் வேலைக்கு வெளிக்கிட வேணுமாம், இத்தோடு நிறுத்துகிறேன்.

வல்லிபுரம்