நல்லம்மாவின் படத்து மூலையில் குளவிக்கூடு

அச்சுவேலி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் பிள்ளை பிரசாந்திக்கு அப்பம்மா எழுதுவது.

அன்று, வெள்ளிக்கிழமை, வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். ஹோலில் சாய்மனைக் கதிரையில் உன் அப்பா குகதாசன், கையில் பேப்பர். எதிர்க் கதிரையில் உன் மாமியார் பத்மாவதி, சாவகச்சேரியிலிருந்து வந்தவ. அவவைக் காரில் ஏற்றி வந்த கஜீபன், உன் மனுசன் கிருஷாந்தின் தம்பி, யன்னல் பக்கம் போனைத் தடவிக்கொண்டு. குசினி வாசலில் உன் அம்மா, தேத்தண்ணித் தட்டோடு. நல்லம்மாவின் படத்துக்குக் கீழே முக்காலியில் ஏறி நின்றவன் சுபாங்கன், உன் பெரியம்மாவின் மகன். மீன்கூடையைக் கார் நிழலில் இறக்கி வைத்துவிட்டு முன்வாசல் படியில் குந்தியிருந்தவ குருநகர் லூர்த்தம்மா. பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ உன் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கதைத்ததை நான் கேட்டேன். ஒளித்திருந்து கேட்கவில்லை. அவ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கறிக்கு அரிகிறவ. அந்தப் பெண்பிள்ளையைத் தத்தெடுக்கிற யோசனையை விடுவோம், இந்த மாதம் முடிய முதல் நன்னடத்தைக் கந்தோருக்குப் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்றாய். "சனம் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு அவள் வளர வேண்டாம் அம்மா" என்றாய். சனம் என்று நீ சொன்னது உன் மாமியாரை. அவ வெள்ளிக்கிழமை பின்னேரமே உனக்கு எடுத்துக் குளவிக் கதையைச் சொல்லியிருக்கிறா. அவ சொன்ன கதைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் முழுவதையும் எழுதுகிறேன். ஸ்பீக்கரில் சொல்லுகிற விசயம் இல்லை என்றபடியால்தான் கடதாசி.

வீட்டில் எல்லோரும் சுகம். வெங்காயம் பிந்திய மழைக்குள் அகப்பட்டு அரைவாசி அழுகிவிட்டது. கறுத்த ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். என் முழங்கால் அப்படியேதான்.

கார்த்திகையில் ஒரு மண்குளவி ஹோலுக்குள் வந்து போகத் தொடங்கியது. செம்மஞ்சள் நிறம், இடுப்பு நூல் மாதிரி. கிணற்றடி ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து நல்லம்மாவின் படத்துச் சட்டத்தின் கீழ் மூலையில் சின்னச் சின்ன முட்டிகளாகக் கட்டியது. பிறகு கத்தரிச் செடியிலிருந்து பச்சைப் புழுக்களைத் தூக்கி வந்து முட்டிக்குள் திணித்து வாயை மண்ணால் அடைத்தது. மண்குளவி வீட்டுக்குள் கூடு வைத்தால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது உனக்கும் தெரியும். எந்த வீட்டிலும் அதை உடைக்க விடமாட்டார்கள். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தவனிடம் அந்த மூலையை விட்டுவிட்டு அடி என்று சொன்னேன். அவனும் ஒரு கேள்வி கேட்காமல் சுற்றி அடித்தான். அவன் வீட்டிலும் மூன்று குமர்கள் கலியாணம் கட்டிப் போயிருக்கிறார்கள், அவனுக்கும் பேரப்பிள்ளை ஆசை இருக்கும்தானே.

நீயும் கிருஷாந்தும் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். மட்டக்களப்புச் சிறுவர் இல்லத்தில் அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, அவள் செருப்பைக் கழற்றாமல் படுக்கிறவள், கூப்பிட்டால் உடனே எழும்பிப் போகவேணும் என்று பயம் போல, என்று நீ சொன்ன அன்றுதான் அந்தக் குளவி முதல் மண் உருண்டையை வைத்தது. பெற்றால்தான் பிள்ளையா, அவள் வருகிறதைத்தான் குளவி சொல்லுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அதை உன் அம்மாவிடம் சொல்ல, அவ பத்மாவதியிடம் சொல்ல, கூட்டைப் பார்க்கவேணும் என்று பத்மாவதி வந்து இறங்கினா. கூட்டைப் பார்க்க வந்தவ முதலில் அலுமாரியைப் பார்த்தா, பிறகு கூரையைப் பார்த்தா. உன் கலியாணத்தன்று என்னை விட்டுவிட்டு மணவறையில் படம் எடுத்த அதே ஆள்தான். நான் சேலை மாற்றி வரும்வரை பொறுக்கேலாமல் போயிற்று அவவுக்கு.

சுபாங்கன் கம்பசில் பூச்சி படிப்பிக்கிறவன், தெரியும்தானே. தை மாதம் வந்து கூட்டைக் கண்டவன் என்னைக் கேட்டுக்கொண்டு நுளம்புவலைத் துண்டு ஒன்றை அதைச் சுற்றி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். எது வெளியில் வருகிறது என்று பார்க்கவேணுமாம். வெள்ளிக்கிழமை பத்மாவதி வந்து இருந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம், வலைக்குள் ஏதோ மின்னியது. எல்லோரும் எழும்பிப் பார்த்தோம். உன் அப்பா எழும்பவில்லை.

வெளியில் வந்தது செம்மஞ்சள் குளவி இல்லை. மயில் கழுத்து நிறம், பச்சையும் நீலமும், தகரத்தில் செய்து மினுக்கின மாதிரி. சுபாங்கன் அதை விரலால் தொட, சுருண்டு உருண்டையாகக் கிடந்தது. அதற்குக் கொட்டவும் சரியாக வராதாம். இதுவும் குளவிதான், ஆனால் கூடு கட்டாது, புழு பிடிக்காது, மற்றக் குளவி கட்டி முடித்த மண்ணை ஈரப்படுத்தித் துளைத்து உள்ளே தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும், அந்த முட்டையில் வருவது உள்ளே வளர்ந்து கிடக்கும் கட்டினவளின் குஞ்சைத் தின்று வளரும் என்றான். படிப்பிக்கிற பிள்ளை, கேளாமலே சொல்லிவிட்டான். ஆரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுகிறோம் என்று பார்க்கவில்லை.

பத்மாவதி கோப்பையைக் கீழே வைத்தா. "பாத்தியளே ஆச்சி. பிள்ளை வருகுது எண்டு நீங்கள் சுவரும் அடிக்காமல் காத்திருந்தியள். வந்தது ஆற்றையோ குஞ்சு. உள்ளை இருந்ததைத் திண்டுபோட்டெல்லோ வந்து நிக்குது. உந்த மட்டக்களப்புப் பிள்ளையும் உப்பிடித்தான். ஆர் பெத்ததோ, என்ன இரத்தமோ. நாளைக்கு என்ரை மகன் கட்டின வீட்டைத் திண்டுபோட்டு மினுக்கிக்கொண்டு நிக்கும்" என்றா.

கஜீபன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால்.

சுபாங்கனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அன்ரி, பூச்சியைப் பாத்து மனிசருக்குச் சாத்திரம் சொல்லேலாது. கட்டினவள் மட்டும் என்ன செய்தவள்? அந்தப் பச்சைப் புழுவெல்லாம் செத்த புழு இல்லை. கொட்டி அசையாமல் பண்ணி உயிரோடை அடைச்சு வைச்சிருக்கிறாள், தன்ரை குஞ்சு பழுதாகாமல் தின்ன வேணும் எண்டு" என்றான். அது எனக்குப் புதிது. புழுதான் உள்ளே கிடந்து குளவியாக மாறும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னவ. புழு மாறுவதில்லையாம். முட்டியின் மேற்பக்கத்திலிருந்து நூலில் தொங்கவிட்ட முட்டை ஒன்று முதலே உள்ளே இருக்குமாம். புழு அதன் சாப்பாடு.

அப்போதுதான் படியில் இருந்த லூர்த்தம்மா வாய் திறந்தா. "அப்ப தம்பி, புழுவைக் கேட்டால் ரெண்டு குளவியும் ஒரே சாதி எண்டுதான் சொல்லும்" என்றா.

உன் அம்மா தட்டோடு திரும்பி நின்று சிரித்தா. எனக்கும் வந்துவிட்டது. பத்மாவதி "மீன் விக்க வந்தால் மீனைப் பற்றிக் கதை" என்றா. லூர்த்தம்மா விடவில்லை. "மீனைப் பற்றித்தான் சொல்ல வந்தனான். உங்கடை கார் நிழலிலை வைச்ச கூடையைப் பூனை பாக்குது, தம்பியைக் கொஞ்சம் கலைக்கச் சொல்லுங்கோ" என்றா. கஜீபன் போனை வைத்துவிட்டுப் போய்ப் பூனையைக் கலைத்தான். இதை உன் மாமியார் உனக்குச் சொல்லியிருக்கமாட்டா.

அவர்கள் போன பிறகு சுபாங்கன் என் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டான். நீ ஏன் கேட்கிறாய், உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய், மிச்சத்தையும் சொல் என்றேன். சொன்னான். பனையில் கூட்டமாகத் தொங்கி ஆளைக் கலைக்கிற குளவிகள் கொஞ்சம்தானாம். மற்றக் குளவிகள் கணக்கற்றவை, எல்லாம் தனியன்கள். ராசாத்தியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. ஒருத்தி தானே வாழ்ந்து தானே முட்டை வைத்துப் போய்ச் சேருகிறவள். அதிலும் புழுவைப் பிடித்துக் கூட்டில் அடைக்கிற சாதி ஒன்று, பிறத்தியார் கூட்டில் வைக்கிற சாதி ஒன்று, கூடே இல்லாமல் புழு நடந்து திரியும்போதே அதன் உடம்புக்குள் ஊசி போட்ட மாதிரி முட்டை வைக்கிற சாதி ஒன்று. தோட்டத்துக் கோவா இலையைத் தின்னும் புழுவின் முதுகில் அரிசி ஒட்டின மாதிரி வெள்ளையாக இருக்குமே, அது புழுவின் முட்டை என்று நானும் என் மனுசனான உன் அப்புவும் காலம் காலமாக நசித்தோம். அது அந்தக் குளவியின் கூட்டுப்புழுவாம். எங்களுக்கு உதவி செய்ய வந்ததைத்தான் நசித்திருக்கிறோம்.

இவ்வளவையும் எதைப் பார்த்துக் குடும்பம் பிரிக்கிறீர்கள், குணத்தைப் பார்த்தோ என்று கேட்டேன். இல்லை ஆச்சி, இடுப்பையும் இறகு நரம்பையும் கால் முள்ளையும் பார்த்து என்றான். கெட்ட குளவி என்று ஒரு குடும்பம் அவர்களின் புத்தகத்தில் இல்லையாம். உன் மாமியாருக்குத்தான் ஒரு பார்வையில் எல்லாம் பிரிக்கத் தெரிந்திருக்கிறது.

பிறகு நான் அகப்பையை எடுத்து அதன் காம்பால் கூட்டைத் தட்டி விழுத்தினேன். உன் அம்மா ஐயோ என்றா. குளவி சொல்லித்தான் இந்த வீட்டுக்குப் பிள்ளை வரவேணும் என்றால் குளவியைக் கேட்டுத்தான் சோறும் போடவேணும், அது வேண்டாம் என்றேன். உள்ளே புழுத் தோலும் ஒரு முட்டியில் பூஞ்சணமும் இருந்தன. சுவரில் வெள்ளை படாத துண்டு இப்போது பல் விழுந்த மாதிரித் தெரிகிறது. படத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

இனி அந்தப் படத்தின் கதை. நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது இது ஆர் அப்பம்மா என்று கேட்டாய். எங்கள் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்க வந்த பிள்ளை என்றேன். பொய் சொல்லவில்லை. நல்லம்மா புல்லுப் பிடுங்கத்தான் வந்தவள். ஊர் பேர் கேட்டால் தலையைக் குனிவாள். வயிற்றோடு வந்தாள். கூட்டி வந்தவன் வெங்காயம் கிண்டி முடிய முதல் போய்விட்டான். எங்கள் தலைவாசலில்தான் பெற்றாள். பெற்றபின் காய்ச்சல் வந்து, பிள்ளைக்குப் பெயர் வைக்க முதல் செத்துப்போனாள். அந்தப் படம் அவன் போன கையோடு சந்தையில் உன் அப்பு எடுப்பித்தது, அவளைச் சேர்ந்த ஆரும் தேடி வந்தால் காட்ட. ஒருவரும் வரவில்லை.

எனக்கு அதுவரை பிள்ளை இல்லை. பிறகும் இல்லை. உன் அப்பு முருகேசு அந்தக் குழந்தையைச் சால்வையில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு ஆட்டுப்பால் தேடிப் போனார். பசுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவரின் மூத்த தமக்கை படலைக்கு வெளியில் நின்று, என்ன இரத்தமோ, நாளைக்கு வீட்டைத் தின்னும் என்று சொன்னா. அதே சொல். பத்மாவதி அன்று சொல்லும்போது எனக்கு அந்தப் படலைதான் தெரிந்தது. தமக்கையின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

அந்தக் குழந்தை வீட்டைத் தின்னவில்லை. படித்தான், தபால் கந்தோரில் வேலை எடுத்தான், உன் அப்புவுக்குக் கொள்ளி வைத்தான், உன்னைப் பெற்றான். அவனுக்குக் கலியாணம் பேசியபோது நானே கூப்பிட்டு இருத்தி எல்லாம் சொன்னேன். உன் அம்மாவுக்கும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் அம்மா என்று அவன் கேட்டான். சரி என்று சொன்ன சொல்லை இந்தக் கடதாசி வரை காப்பாற்றினேன்.

வெள்ளிக்கிழமை பத்மாவதி என்ன இரத்தமோ என்று கேட்டபோது அவன் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தான். நல்லம்மா சுவரில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படியிலிருந்து லூர்த்தம்மா கதைக்கிறா, முக்காலியில் நின்று சுபாங்கன் கதைக்கிறான். அவன் கதைக்கவில்லை. சாப்பிடும்போது என்னிடம், "விடணை அம்மா, வயது போன மனிசி, வாய்க்கு வந்ததைச் சொல்லுது" என்றான். நான் சோற்றை ஆட்டுக்கு வைத்துவிட்டு எழும்பினேன்.

பிள்ளை, நீ கந்தோருக்குப் போ. வேண்டாம் என்று எழுதப் போகாதே, கூட்டிவரப் போ. சனம் சொல்லத்தான் செய்யும். சொல்லச் சொல்ல நாங்கள் வளர்த்தோம். அவளைச் சித்திரைக்கு முதல் இங்கே கூட்டிக்கொண்டு வா. வந்து படுக்கும் முதல் இரவே செருப்பைக் கழற்றி வாசலில் வைக்கச் சொல்லு, விடிய அது அங்கேயே இருக்கும் என்று நான் சொன்னதாகச் சொல்லு. முருகன் உங்கள் மூன்று பேரையும் ஒரு கூரைக்குக் கீழே வைத்திருக்கட்டும்.

உன் மாமியாரைப் பற்றி மனதில் வைத்திருக்காதே. அவவுக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னா. மணவறைப் படத்தை நான் மறக்கமாட்டேன், ஆனால் இதற்காக அவவோடு எனக்குக் கோபம் இல்லை. கஜீபன் பூனையைக் கலைத்தவன், அவனையும் விட்டுவிட்டேன். அன்று ஹோலில் இருந்தவர்களில் நான் மன்னிக்கமாட்டேன் என்று இருப்பது ஒரே ஒருவரை. என் மகன் குகதாசனை.

அன்புடன் உன்
அப்பம்மா