நுரைக்கக் கூடாத பீர்

செவ்வாய், 15.00. காட்டி: 6.9

பதிவு செய்பவன்: இருதயராஜ் மச்சாது, ஈஸ்ட் ஆய்வாளன். இடம்: கப்பல் மேல்தளத்து இரும்பு அறை.

அறுபது மீட்டர் ஆழத்தில், கடலடி ஆய்வுக்கூடத்தில் நாற்பது நாள் தனியாக இருந்துவிட்டு மேலே வந்திருக்கிறேன். வந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். கரையில் காற்றின் அழுத்தம் ஒன்று என்றால் அங்கே ஏழு. அதே ஏழோடு கூண்டில் தூக்கி, ஒரு மணிக்கு இந்த அறையில் அடைத்தார்கள். வெளியே இருப்பவர்கள் அதை மெல்ல மெல்ல ஒன்றுக்கு இறக்குவார்கள். சனிக்கிழமை நண்பகலில் கதவு திறக்கும். வால்வுகள் எல்லாம் வெளியே. எனக்கு ஒரு கட்டில், அழுத்தம் காட்டும் ஒரு எண்காட்டி, வெளியே பேச ஒரு உள்தொலைபேசி, எழுத ஒரு நோட்டு, ஆறு புட்டி பீர்.

பீர் குடித்துக் கூத்தடிக்க அல்ல, கடலடியில் வளர்த்த ஈஸ்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. கரையில் நானே காய்ச்சியது. முளைவிட்ட வாற்கோதுமையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமிலவாயுவையும் வெளியே தள்ளும். கடைசியில் துளி சர்க்கரை போட்டு மூடியை இறுக்கினால், வாயு தப்ப வழியில்லாமல் பீரிலேயே கரைந்து கிடக்கும்.

முதல் புட்டியைத் திறந்தேன். சத்தமில்லை, நுரையில்லை. வாய்க்குக் கஞ்சித்தண்ணீர். சரிதான். புட்டிக்குள் அழுத்தம் மூன்றரை, வெளியே ஏழு. வெளியே கனம் கூடுதலாக இருக்கும்வரை கரைந்த வாயு அசையாது. அறை மூன்றரைக்குக் கீழே இறங்கினால்தான் நுரைக்கும். அட்டவணைப்படி அது வியாழன் இரவு ஒன்பது மணிக்கு.

என் உடம்பும் அப்படித்தான். நாற்பது நாளாக ரத்தத்திலும் மூட்டுகளிலும் வாயு கரைந்திருக்கிறது. மெல்ல இறக்கினால் மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழாகும். அப்பா தூத்துக்குடியில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளித்தவர். ஒருநாள் அவசரமாக மேலே வந்தார். அதன் பிறகு சாகும்வரை இடது காலை இழுத்துத்தான் நடந்தார். அதனால்தான் நான் படித்தேன். இறக்கும் வேலையை மட்டும் வெளியே இருப்பவர்களை நம்பி விட்டிருக்கிறேன்.

புதன், 15.00. காட்டி: 5.4

இரண்டாவது புட்டி. நுரையில்லை.

ஆய்வுக்கூட இயக்குநர் பூவராகன் வெளியிலிருந்து பேசினார்: "மச்சாது, நல்ல சேதி. உங்களை வரவேற்க அமைச்சரே வர்றார். ஆனா சனிக்கிழமை அஷ்டமி, ஞாயிறு நவமி. வெள்ளிக்கிழமை நல்ல நாள், பத்தரைக்குத்தான் ராகுகாலம். அதுக்கு முன்னாடி நீங்க வெளிய வந்துட்டா எல்லாருக்கும் சௌகரியம்."

"சார், என் ரத்தம் பஞ்சாங்கம் பாக்காது."

சிரித்தார். "சரி, சரி. சும்மாதான் கேட்டேன். அட்டவணைப்படியே போகட்டும்."

நல்ல மனிதர்.

வியாழன், 15.00. காட்டி: 3.9

காலையிலிருந்து முழங்கால் வலி. கட்டிலைக் குற்றம் சொன்னேன். மூன்றாவது புட்டியைத் திறந்தேன். குமிழ்கள் அடியிலிருந்து கிளம்பின. நுரை கழுத்துவரை ஏறியது.

3.9இல் இது நுரைக்கவே கூடாது. நாலாவதையும் திறந்தேன். அதுவும் நுரைத்தது.

வெளியே வால்வில் இருக்கும் செண்பகவல்லியைக் கேட்டேன். "காட்டியில உள்ளதுதான் அண்ணாச்சி இங்கயும்" என்றாள். சொல்லும்போது குரல் சரியில்லை.

வியாழன், 16.40. காட்டி: 3.8

அவளே அழைத்தாள்.

"அண்ணாச்சி, என்னைய மன்னிச்சிருங்க. டைரக்டர் சொல்லி நேத்தே வால்வை அகலத் தொறந்துட்டாவ. உங்க அறைக்குள்ள இருக்க காட்டிக்கு அட்டவணை எண்ணை மட்டும் அனுப்பச் சொன்னாவ. வேண்டாம்னு சத்தம் போட்ட டாக்டரைக் கரைக்கு அனுப்பிட்டாவ. இப்ப நெசமா ரெண்டு முக்கா."

"திரும்ப ஏத்து, தாயி. ஏழுக்கு ஏத்து. அதுதான் மருந்து."

"ஏத்துதேன். வால்வைப் பூட்டிருக்காவ, சாவியை எடுத்துட்டு வாரேன். கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, உங்களை விட்டுற மாட்டேன்."

காத்திருந்தேன். காது அடைக்கவில்லை. அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் காதுதான் சொல்லும்.

வியாழன், 17.30. காட்டி: 3.8

பூவராகன்: "செண்பகவல்லிக்கு உடம்பு முடியல, வேற ஆள் உக்காந்திருக்காங்க. லேசா வலி இருக்கும் மச்சாது, அது சகஜம். நாளைக்கு மாலை, மரியாதைன்னு வந்தா எல்லாம் மறந்துரும்."

கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். இணைப்பு ஏற்கெனவே போயிருந்தது. இவரை நல்ல மனிதர் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளி, 07.10. காட்டி: 2.8

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது. தோளில் ஆணி அடிப்பது போல வலி. ஐந்தாவது புட்டி திறக்கும்போதே மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியதில் கட்டிலெல்லாம் நனைந்தது. உண்மை எண் ஒன்றரைக்குக் கீழே இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு கால்தான் போனது. அவரை யாரும் ஏமாற்றவில்லை. மூச்சு முட்டியதால் வந்தார். எனக்கு அழுகை வருகிறது. வலியால் அல்ல, ஆத்திரத்தால்.

வெள்ளி, 09.35. காட்டி: 2.7

எழுத்து கோணுகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: காலிப் புட்டிகள் ஐந்திலும் நாள், மணி, காட்டியின் எண், நுரைத்ததா இல்லையா என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். காட்டியின் பதிவை அழித்துவிடுவார்கள். புட்டியை அழிக்க அவர்களுக்குத் தோன்றாது.

ஆறாவதைத் திறக்கவில்லை. விசாரணை நடந்தால் அதைப் பூவராகன் கையில் கொடுத்து எல்லார் முன்னாலும் திறக்கச் சொல்லுங்கள். வழிவதைத் துடைக்க விடாதீர்கள். எனக்குள் நடந்தது அதுதான்.

செண்பகவல்லி மேல் பழி போட வேண்டாம்.

வெள்ளி, 10.12. காட்டி: 2.6

மேளம் கேட்கிறது. நாதஸ்வரமும்.

மூச்சு இழுக்க முடிய வில்லை. நெஞ்சில் ஏதோ

இந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே 2.6 இருந்தால் பத்து யானை தள்ளினாலும் அசையாது.

ஒற்றைக் கையால் தள்ளுகிறார்கள். திறக்கி