சிவப்பு மையில் அடித்த சொல்

நேற்றுக் காலை, கொல்லைக்கு அப்பால் வயலில் நடவுக்கு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் அனுப்பிவிட்டு வந்து கைபேசியைத் திறந்தேன். யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பொம்மைக் கழுதை மூட்டை சுமந்து, தலையை ஆட்டியபடி நடந்தது. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் உன்னைத்தான் கூப்பிடத் தோன்றியது. நீ போய் எட்டு மாதமாகிறது.

கான்வென்ட் ஹாலில் நாம் பார்த்த அதே படம். சனிக்கிழமை மதியம், ஜன்னல்களில் விடுதிப் போர்வைகளைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். சிஸ்டர் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த படச்சுருள். எந்த நாட்டுப் பொம்மைப் படமோ, பேச்சே கிடையாது. வெள்ளை வெளேரென்று பரந்த நிலம். ஒரு கிழவர் அந்த வெள்ளையைப் பலகையால் இழுத்துக் குவிக்கிறார், மூட்டை கட்டுகிறார், கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். அந்த இடத்தில் சுருள் அறுந்துபோனது. முடிவை நாம் பார்க்கவேயில்லை.

"அது உப்புடி," என்றாய் நீ.

"ஸ்நோ. பனி. வெளிநாட்டுல வெள்ளையா இருந்தா அது ஸ்நோதான்."

"பனின்னா மார்கழியில புல்லு மேல நிக்கிறதுதானே? அதை எவனாவது மூட்டை கட்டுவானா? வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒழுகிடாது?"

"அங்கெல்லாம் ஒழுகாது."

உறைபனியை நாம் இருவருமே கண்டதில்லை. ஆனால் நீ உப்பைக் கண்டிருந்தாய். உன் அப்பா வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். "எங்கப்பாவும் இப்படித்தான் இழுத்துக் குவிப்பாரு," என்று கைகளை நீட்டிச் செய்து காட்டினாய். அதற்கு நான் சொன்னது ஒரு சொல்கூட மறக்கவில்லை. "உங்க ஊரு உப்பளத்தை எல்லாம் எவன்டி படம் எடுப்பான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீ கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாய்.

திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் சிஸ்டர். வகுப்புத் தலைவி என்பதால் நோட்டுகளை முதலில் நான்தான் பார்ப்பேன். உன் நோட்டில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பதினோரு இடத்தில் 'சால்ட்' என்று இருந்தது. பதினொன்றையும் சிவப்பு மையில் அடித்து, மேலே 'ஸ்நோ' என்று எழுதினேன். நீ நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாய்.

அதற்குப் பிறகும் அறுபது வருட நட்பு நமக்கு. நீ ஆசிரியை ஆனாய். நான் திருவையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். எப்போது வந்தாலும் மஞ்சள் பையில் கல்லுப்போடு வருவாய். "இந்தா, ஸ்நோ கொண்டாந்திருக்கேன். ஒழுகுறதுக்குள்ள ஜாடியில கொட்டு." என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒருமுறையாவது, நீ சொன்னது சரியாக இருக்கலாம் என்று சொன்னேனா? அவர் காலமானபோது பதினாறு நாள் என்னோடு இருந்தாயே, அப்போதுகூடச் சொல்லவில்லை.

நீ போன பிறகு அந்தப் படத்தைத் தேடத் தொடங்கினேன். சிறுவயதில் பார்த்துப் பெயர் மறந்துபோன படங்களைத் தேடுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன்: ஒரு கிழவர், ஒரு கழுதை, நிறைய ஸ்நோ. உண்மையைச் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி என்று பார்த்துவிடத்தான் தேடினேன். மூன்று மாதமாக ஒருவருக்கும் தெரியவில்லை. பனியை எவனாவது மூட்டை கட்டுவானா என்று நீ கேட்டது காதிலேயே நின்றது. போன வாரம் என் கையாலேயே 'ஸ்நோ'வை அழித்துவிட்டு 'சால்ட்' என்று மாற்றினேன். ஒரே வாரத்தில் படம் வந்து சேர்ந்தது.

முடிவில் கிழவர் ஒரு வீட்டுக்குப் போகிறார். சப்பென்ற கஞ்சியைக் குடிக்கமாட்டேன் என்று குழந்தை முகம் திருப்புகிறது. அவர் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறார். குழந்தை கிண்ணத்தை வழித்துக் குடிக்கிறது. உப்பேதான்.

உடனே உன் மகளைக் கூப்பிட்டேன். "உங்கம்மா சொன்னதுதான் சரிம்மா. நான்தான் தப்பாத் திருத்திட்டேன். உங்க தாத்தா வேலையைக் கேவலமாவும் பேசிட்டேன்."

 அவள் சிரித்தாள். "அம்மா சொல்லியிருக்காங்க பெரியம்மா. 'அவளுக்குத் தப்புன்னு தெரிஞ்சா அவளே வந்து சொல்லுவா. லேட்டாகும், ஆனா சொல்லாம இருக்கமாட்டா'ம்பாங்க. ஆஸ்பத்திரியிலகூட சொன்னாங்க. நீங்க எதுவும் மனசுல வச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். உன்னைத் திருத்தியவள் என்றுதான் இத்தனை காலம் என்னை நினைத்திருந்தேன். நீயோ, நான் என்னைத் திருத்திக்கொள்வேன் என்று சந்தேகமே இல்லாமல் காத்திருந்திருக்கிறாய். எழுபத்தாறு வயதில் அப்படி ஒரு நம்பிக்கை என் கைக்கு வந்திருக்கிறது. அதை வீணாக்க எனக்கு மனமில்லை. இன்று காலை முதல், வேறு யாரிடம் எதை நான் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்துத் தெருதான்.